ஒரே தாளில் ஐந்து பேர்

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் வைகாசி மாதம், மாடத்தி வேலை பார்த்த பட்டாசு ஆலையை லைசன்ஸ் சோதனைக்காக ஒரு மாதம் பூட்டிவிட்டார்கள். வருஷம் முழுக்க திரி நறுக்கிப் பழகிய கைக்கு வெம்பக்கோட்டையில் வேறு வேலை இல்லை. விருதுநகர் லட்சுமிகாந்தம் நடத்தும் காசி, நேபாள யாத்திரையில் பெயர் கொடுத்துவிட்டாள்.

ரயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, அதே பெட்டியில் சண்முகத்தாயும் வருகிறாள் என்று.

சண்முகத்தாய் பக்கத்து ஊர்க்காரி. கரிசலில் நாற்பது ஏக்கர் வைத்திருக்கிற குடும்பம். மாடத்தி முன்பு அவர்கள் காட்டில்தான் கூலி வேலை பார்த்தாள். பத்து வருஷத்துக்கு முன், பருத்தி எடுப்பு நேரம் பார்த்து ஆலை வேன் ஊருக்குள் வந்தது. மாடத்தி அதில் ஏறினாள். தனியாக ஏறவில்லை, பன்னிரண்டு பெண்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனாள். வெடித்த பருத்தி செடியிலேயே கிடந்து, மழையில் நனைந்து கறுத்தது. அன்றோடு பேச்சு நின்றது. கங்கையில் இரண்டு பேரும் ஒரே படியில் முங்கி எழுந்தார்கள்; அப்போதும் ஆளுக்கொரு திசையைத்தான் பார்த்தார்கள்.

சண்முகத்தாய், அவள் கணவர் முத்துராமலிங்கம், மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் சம்பந்தியும் அவர் மனைவியும், ஆக நான்கு பேர், காட்மாண்டுவிலிருந்து கைலாயம் போவதாக ஏற்பாடு. ஐந்தாவதாகச் சென்னையிலிருந்து வரவேண்டிய ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நேபாளத்துக்குள் நுழைய நமக்கு விசா வேண்டாம். கைலாயத்துக்கோ சீன விசா வேண்டும். “அதெல்லாம் போற வழியில காட்மாண்டுலயே வாங்கிக்கிடலாம்” என்று லட்சுமிகாந்தம் விருதுநகரிலேயே சொல்லியிருந்தார். வாங்கலாம்தான். ஆனால் தனித்தனியாகக் கொடுக்கமாட்டார்களாம். குழுவுக்குத்தான் விசா, குழு என்றால் குறைந்தது ஐந்து பேர். காட்மாண்டு ஏஜெண்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு, அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல் டீ குடிக்கப் போய்விட்டார்.

லட்சுமிகாந்தத்திடமே பாஸ்போர்ட் கிடையாது. மத்தியானச் சாப்பாட்டின்போது விடுதியில் எல்லாரிடமும் கேட்டார். “யாராச்சும் பாஸ்போர்ட்டு வச்சிருக்கீகளா?”

மாடத்தி ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து, அதற்கடியிலிருந்து பாஸ்போர்ட்டையும் எடுத்தாள். மலேசியாவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்குப் போக எடுத்தது. பாஸ்போர்ட் வருவதற்குள் பிள்ளை பிறந்து, அதன் பிறகு போகவே இல்லை. அடையாளத்துக்கு என்ன இருந்தாலும் கொண்டுவரச் சொன்னார்களே என்று கொண்டுவந்திருந்தாள்.

லட்சுமிகாந்தம் அவள் இலைக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார். “அக்கா, கைலாசம் போறீகளா? செலவு பூரா அவுக பாத்துக்கிடுவாக.”

“யாரு, மொதலாளியம்மாவா? எனக்கா?”

“நீங்க வரலேன்னா அவுகளுக்கு விசா இல்லக்கா.”

மாடத்தி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். இப்படி ஒரு வாக்கியத்தை அவள் தன் ஆயுளில் கேட்டதில்லை. “அப்பிடின்னா அவுகளே வந்து கேக்கட்டும்.”

நாலடி தள்ளி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சண்முகத்தாய் சுவரிடம் சொன்னாள்: “நா ஊருக்கே திரும்பிப் போறேன்னு சொல்லுங்க.”

கடைசியில் முத்துராமலிங்கம் எழுந்து வந்தார். கூலிக்காரர்களிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுஷன். “எனக்காக வா மாடத்தி. எனக்கும் வயசாயிருச்சு” என்றார். அவருக்காக ஒத்துக்கொண்டாள்.

படிவம் நிரப்பும்போது ஏஜெண்டு இந்தியில் ஏதோ கேட்டார். “என்ன வேலன்னு கேக்காரு” என்றார் லட்சுமிகாந்தம்.

“வெடி ஆபீசு.”

லட்சுமிகாந்தத்துக்கு வேர்த்துவிட்டது. வெடிமருந்து என்று எழுதினால் எந்த நாடு உள்ளே விடும்? ஆனால் ஏஜெண்டு காதில் விழுந்தது ‘ஆபீஸ்’ மட்டும்தான். தலையாட்டிக்கொண்டே ‘அலுவலகப் பணியாளர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினார். வேப்பமரத்தடியில் ஒரு அறையும் வாசலில் மணல் வாளியும் இருந்தாலே எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையும் ஆபீஸ்தான். ஆகவே யாரும் பொய் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விசா வந்தது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. தனியாக ஒரே ஒரு தாள், அதில் ஐந்து பெயர். கடைசியாக ஒத்துக்கொண்டவள் மாடத்தி என்பதால் அவள் பாஸ்போர்ட் கட்டின் மேலே இருந்திருக்கிறது. மேலேயிருந்து வரிசையாக எழுதியவர்கள் அவளையே முதல் பெயராக எழுதிவிட்டார்கள். இரண்டாவது சண்முகத்தாய்.

“இதே வரிசையிலதான் நிக்கணும். அஞ்சு பேரும் ஒண்ணா போயி ஒண்ணா வரணும்” என்று சொல்லி லட்சுமிகாந்தம் அவர்களை ஜீப்பில் ஏற்றினார். சண்முகத்தாய் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லைப் பாலம் தாண்டியதும் சீன அதிகாரியின் முன் வரிசை நின்றது. முதலில் மாடத்தி, பின்னால் மற்ற நால்வர். மரியாதைக்குச் சிரிக்கவேண்டும் என்று மாடத்தி பல் தெரியச் சிரித்தாள். அதிகாரி பாஸ்போர்ட்டில் இருந்த படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். சாத்தூர் ஸ்டுடியோவில் எடுத்த அந்தப் படத்தில் மாடத்தி யாரையோ அடிக்கப் போகிறவள்போல் முறைத்துக்கொண்டிருந்தாள். அதிகாரி தலையை ஆட்டினார். கூட வந்த நேபாளி வழிகாட்டி இந்தியில் சொன்னதை முத்துராமலிங்கம் பின்னாலிருந்து கத்தினார்: “சிரிக்காத மாடத்தி! படத்துல சிரிக்கலல்லா!”

பதற்றத்தில் அவளுக்குச் சிரிப்பு இன்னும் கூடியது. உதட்டைக் கடித்தாள், கன்னத்தைப் பிடித்தாள், அடங்கவில்லை. அதிகாரி தாளை மடிக்கப் போனார். தாள் மடிந்தால் ஐந்து பேரும் திரும்ப வேண்டியதுதான்.

அப்போது பத்து வருஷத்தில் முதல்முறையாகச் சண்முகத்தாய் அவள் காதருகே பேசினாள்.

“பன்னெண்டு பொம்பளையக் கெளப்பிட்டுப் போனியே, நன்றிகெட்ட கழுத. எம் பருத்திய மழையில அழுக வச்ச சண்டாளி.”

மாடத்தியின் முகம் அப்படியே படத்து முகமானது. அதிகாரி திருப்தியாகத் தலையசைத்து அந்தத் தாளில் முத்திரை குத்தினார்.

முத்திரை விழுந்ததும் மாடத்தி திரும்பினாள். “ஒரு நாளைக்கு நீங்க குடுத்த கூலி எம்புட்டு? அதச் சொல்லுங்க மொதல்ல!” ஜீப்பில் அன்று முழுக்கச் சண்டை. பத்து வருஷச் சண்டையும் மொத்தமாக நடந்தது. வழிகாட்டி இரண்டு தடவை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். முத்துராமலிங்கம் மட்டும் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் உயரம் கூடக்கூட சண்முகத்தாய்க்குத் தலை பிளந்தது. வாந்தி எடுத்துக்கொண்டே, “நா கீழ போறேன், என்னைய விட்டுருங்க” என்று அழுதாள். ஒருவர் இறங்கினால் ஐந்து பேரும் இறங்க வேண்டும். மாடத்தி அவள் நெற்றியில் தைலத்தைத் தேய்த்தாள். “மொதப் பேரு என் பேரு. நா எறங்கச் சொன்னாத்தான் எறங்கணும். பேசாமப் படுங்க.” இரண்டு நாள் அங்கேயே தங்கி, உடம்பு தேறிய பிறகு போனார்கள். மானசரோவரில் மாடத்தி கையைப் பிடித்துக்கொண்டுதான் சண்முகத்தாய் முங்கினாள். தண்ணீர் பட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அலறியது கரையெல்லாம் கேட்டது.

திரும்பும்போது அந்தத் தாளை எல்லையிலேயே வாங்கிக்கொண்டார்கள். ஆலை திறந்ததும் கூட வேலை பார்க்கும் பெண்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். எல்லாப் பக்கமும் வெள்ளை. “சீலு எங்கக்கா?” என்று கேட்டுக் கேட்டே அவள் உயிரை வாங்கினார்கள்.

ஆவணியில் வெம்பக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குச் சண்முகத்தாய் வந்திருந்தாள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, மாடத்தி கைலாயம் வந்தது உண்மையா என்று கேட்டார்கள்.

“வந்தா, வந்தா. ஏறுனதுலருந்து ஒரே வாந்தி. கீழ போறேன்னு அழுதா. நாந்தான் தைலத்தத் தேச்சு, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்” என்றாள் சண்முகத்தாய்.

எல்லாரும் பக்கத்தில் நின்ற மாடத்தியைப் பார்த்தார்கள். மாடத்தி வாயைத் திறந்தாள். தான் கைலாயம் போனதற்கு அங்கே இருப்பதோ ஒரே ஒரு சாட்சி.

“ஆமா” என்றாள் மாடத்தி. “மொதலாளியம்மா இல்லேன்னா நா அங்கனயே செத்திருப்பேன்.”