கருப்புக் கட்டத்துக்குள் உங்கள் அம்மா

உங்கள் அம்மா சமையல்கட்டில் பாத்திரம் உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். அதனால் கடைசியில் என்ன ஆகுமோ என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. அன்றைக்கு எனக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது நான் சூரமங்கலத்தில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, சினிமா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை, ஊதுபத்தி உறை எல்லாம் அடிப்போம். எழுத்துக் கோப்பதோடு, உறையிலும் அட்டையிலும் எங்கே என்ன வரவேண்டும் என்று வரைந்து காட்டுவதும் என் வேலை. எட்டாவதோடு நின்றவனுக்கு அது பெரிய மரியாதை.

சேந்தமங்கலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர் ஒருநாள் எங்களைத் தேடி வந்தார். அவருக்கு ஒரு மனக்குறை. சுற்றுப்பட்டு ஊர்களில் அவரைக் கூப்பிடுவதே சாவு வீட்டுக்குத்தான். செத்தவரை நாற்காலியில் சாய்த்துவைத்து, உறவுக்காரர்களைச் சுற்றி நிறுத்தி ஒரு படம். உயிரோடு இருப்பவர்களைக் கூப்பிட்டால், படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று ஓடினார்கள்.

"கேமராவத் தூக்கிட்டுத் தெருவுல போனாப் போதுமுங்க, யாரு ஊட்டுலன்னு கேக்கறாங்க. படத்தப் போட்டுக் குடுக்கற கவரே சனங்களக் கூப்பிடோணும். மங்கலமா ஒரு பொம்பளப்புள்ள படம் போட்டு, நல்ல அட்டையில அடிச்சுக் குடுங்க" என்றார்.

மங்கலமான படம் அவரிடமே ஒன்று இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதற்கு முன், சீர் நடந்த அன்று, ஜடை நிறையப் பூத் தைத்து, பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து, தன் தாய்வீட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரரான அவரையே வரவழைத்து உங்கள் அம்மா எடுத்துக்கொண்ட படம். அவள் அம்மா தடுத்தும் கேட்காமல், அடம்பிடித்து எடுத்துக்கொண்டாள். அட்டையில் போடலாமா என்று கேட்டதற்கு, "போடுங்க, நாலு ஊரு பாக்கட்டும்" என்றாள்.

படத்தை அச்சடிக்க உலோகப் பிளாக் செய்து வந்தது. சுற்றிலும் தடித்த கட்டம், கீழே 'என்றும் நம் வீட்டில்' என்ற வரி. கட்டத்தைக் குங்குமச் சிவப்பில் தனியாக அடிப்பதாக ஏற்பாடு. ஆனால் அச்சகத்தில் எந்த வேலைக்கும் முதல் புரூஃப் கருப்பு மையில்தான் எடுப்போம். எழுத்து சரியா, இடம் சரியா என்று பார்ப்பதற்குத்தானே அது? நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. படமும் கட்டமும் ஒரே கருப்பில் விழுந்த நாலைந்து அட்டைகளை ஸ்டூடியோக்காரர் சரிபார்க்க வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் சேந்தமங்கலத்தில் சந்தை. மதியத்துக்கு முன்னாலேயே, எங்கள் தெருவில் குடியிருந்த லாரி டிரைவர் அச்சக வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் வெளிய வாங்க."

போனேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். கெட்ட சேதி சொல்ல வருகிறவர்கள்தான் அப்படிச் செய்வார்கள்.

"உங்க ஊட்டுக்காரம்மா அவங்கம்மா ஊட்லதான இருக்குது?"

"ஆமாங்க. மாசம் ஆயிருச்சு. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குது. என்னங்க?"

"ஸ்டூடியோ கண்ணாடியில அவங்க படம் ஒட்டியிருக்குதுங்க. கருப்புக் கட்டம் போட்டு. உங்க சின்ன மாமியாரு பாத்துட்டு நடுச்சந்தையில மாருல அடிச்சுட்டு அழுவறாங்க. கோடிச் சேலை எடுத்துட்டு உங்க மாமியாரு ஊட்டுக்குப் போறதுக்கு அஞ்சாறு பொம்பளைங்க சேந்துட்டிருந்தாங்க."

கோடி என்றால் செத்தவர் மேல் போர்த்தும் புதுத்துணி.

எங்கள் ஃபோர்மேன் பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அட, அது நம்ம புரூஃபுய்யா! அந்தப் போட்டோக்காரன் கொண்டுபோயி ஒட்டிட்டான். நீ ஏன்யா இப்படி நடுங்கற?" என்றார்.

புரூஃப்தான், எனக்கும் தெரிந்தது. ஆனால் தெரிவதும் நம்புவதும் ஒன்றா? நிறைமாதக்காரி. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது ஆகி, அதனால்தான் ஒட்டினாரோ? அப்படி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், தலைவிரிகோலமாக ஐந்தாறு பேர் அவள் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றால்? அவளும் வயிற்றுப் பிள்ளையும் அந்த அதிர்ச்சியைத் தாங்குவார்களா? அந்தப் பெண்களுக்கு முன்னால் நான் போய்ச் சேரவேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

டிரைவர் அந்தப் பக்கமே திரும்பிப் போவதாக இருந்தார். "ஏறுங்க" என்றார்.  ராசிபுரம் தாண்டியதும் எதிரே வந்த ஒவ்வொரு வண்டியிலும் பூமாலை இருக்கிறதா என்று பார்த்தேன். ஓர் ஊரில் கொட்டுச் சத்தம் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டேன். "கோயிலுக்குத் தீர்த்தம் கொண்டுபோறாங்க சாமி, சாவுக் கொட்டு இல்லீங்க" என்றார் டிரைவர், ரோட்டிலிருந்து கண் எடுக்காமல்.

மாமியார் ஊரில் இறங்கி ஓடினேன். நான் பிந்திவிட்டேன். வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அழுகை இல்லை. என் மாமியார் கையில் விளக்குமாறு.

"உசுரோட இருக்கற புள்ளைக்குக் கோடி கொண்டாந்தியாடி நீயி?"

"நான் என்னத்தக்கா கண்டேன்? கருப்புக் கட்டம் போட்டிருந்துச்சே!" என்றாள் சின்ன மாமியார். அழுது அழுது அவளுக்குக் குரலே இல்லை.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உங்கள் அம்மா நின்றாள். உயிரோடு நின்றாள். என்னைப் பார்த்ததும், "வாங்க. நீங்களும் மாலை வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள். பிறகு சித்தியிடம் திரும்பி, "அழாதீங்க சின்னம்மா. மகராசி, தங்கம்னெல்லாம் சொல்லி அழுதீங்களே, இத்தன வருசத்துல ஒரு நாளாச்சும் என்னய அப்படிச் சொல்லியிருக்கீங்களா?" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் பக்கத்தில் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது.

"ஏனுங்க, வலிக்குதுங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

சிரிப்பு நின்றுபோனது. மருத்துவச்சியைக் கூப்பிட ஓடினார்கள். கதவு சாத்தப்பட்டது. வாசலில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோர் மனதிலும் அந்த அட்டைதான். அட்டையில் வந்தது பலித்துவிடுமோ என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. எனக்குச் சாமி பேர்கூட நினைவுக்கு வரவில்லை.

சேதி கேட்டு ஸ்டூடியோக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தார். யாராவது அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தே வந்ததுபோல் இருந்தார். "எனக்கு அது தப்பாவே தெரியலீங்க. போட்டோவே கருப்பு வெள்ளைதானுங்க. சந்தை நாள்ல நாலு பேரு பாக்கட்டுமேன்னு ஒட்டினேன்" என்றார். நானுந்தான் அந்தக் கருப்பை வெறும் மையாகப் பார்த்தேன். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்றோம். உள்ளே அவள் கத்தும்போதெல்லாம் பயம். கத்தாமல் இருந்தபோது அதைவிடப் பயம்.

வெயில் இறங்கும் நேரத்தில் உங்கள் அக்கா அழுதாள். நான் அசையவில்லை. "தாயி?" என்று கேட்டேன். "தாயும் நல்லா இருக்குதப்பா" என்று மருத்துவச்சி இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தையைக் காட்டிய கையோடு உங்கள் அம்மா கேட்டாள்: "அந்த அட்டையக் காட்டுங்க."

"ஐயோ சாமி, வேண்டாம்" என்றாள் மாமியார். எனக்கும் கொடுக்க மனமில்லை. இவ்வளவு தூரம் தப்பி வந்தவள் கையில் அதைக் கொடுப்பதா? அவள் கையை நீட்டியபடியே இருந்தாள். ஸ்டூடியோக்காரரிடம் மீதி இருந்த அட்டை ஒன்றை வாங்கி வந்தேன். ஆனால் கொடுப்பதற்கு முன், படத்தைச் சுற்றியிருந்த கட்டத்தை நாலு பக்கமும் கிழித்தேன். அவசரத்தில் ஒரு பக்கமும் நேராக வரவில்லை.

வாங்கிப் பார்த்தாள்.

"ஜடை நல்லா விழுந்திருக்குதுங்க. கட்டமே இல்லாம இப்படியே போடச் சொல்லுங்க" என்றாள். பிறகு ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஆனா இதென்னங்க கோணக்கோண? பிரஸ்ஸுல வேல பாக்கற கையா இது?" என்றாள்.