வாசலை அடைத்த முருங்கை

ஆனமலை நரசிங்கப் பெருமாளைக் கும்பிடுற எல்லாருக்கும் இதைச் சொல்லியே ஆகணும். எம்பேரு முத்துலட்சுமி. உசிலம்பட்டிப் பக்கம் ஊரு. மதுரை ஒத்தக்கடையில ரூம் எடுத்துத் தங்கி பி.காம். படிக்கிறேன்.

போன ஐப்பசியில என் ஒடம்பு என்ன பாடு பட்டுச்சுன்னு எனக்குத்தான் தெரியும். காலையில பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல வெறும் டீ. மத்தியானம் ஒரு பப்ஸ். ராத்திரி புரோட்டா, சால்னா. கையில இருக்கிற காசுக்கு அதுலதான் வயிறு நெறையும். தலைமுடி கொத்துக் கொத்தா வந்துச்சு. ஒருநா கம்ப்யூட்டர் லேப்லயே மயங்கி விழுந்துட்டேன். அரசாஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழ இருக்கு. இன்னும் எறங்குச்சுன்னா ரத்தம் ஏத்தணும், பாத்துக்க"ன்னு சொல்லி சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாங்க.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க பாருங்க, அறிவுரை! மாதுளை ஜூஸ் குடி. பேரீச்சையைத் தேன்ல ஊற வச்சுத் தின்னு. ஆட்டு ஈரல் வாங்கிச் சாப்பிடு. வாய் வலிக்காமச் சொன்னாங்க. ஒரு பழம் வாங்கிக் குடுத்தவங்க யாரும் இல்ல. அம்மா போன்ல, "படிச்சது போதும்டி, வீட்டுக்கு வந்துரு"ன்னு அழுதுச்சு. எங்க குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான். ஒருவாட்டி போனா திரும்ப விடவே மாட்டாங்க.

ஒரு சனிக்கிழமை சாயந்தரம் பெருமாள் கோயிலுக்கு நடந்து போனேன். வழியில ரெண்டு எடத்துல உக்காந்துட்டேன். மலையடியில குடைவரைக்குள்ள அவரு பாட்டுக்கு யோகத்துல இருக்காரு. எனக்கு அழுகை வரல, ஆத்திரம்தான் வந்துச்சு. "சாமி, நான் பணம் கேக்கல. எங்கிட்ட இருக்கறத வச்சு ஒடம்பத் தேத்த ஒரு வழியக் காட்டு. சீக்கிரம் காட்டு, எனக்குப் பொறுமை இல்ல." சண்டை போட்டுட்டு, தீர்த்தம் வாங்கிட்டு, முணுமுணுத்துக்கிட்டே திரும்பினேன்.

அன்னிக்கு ராத்திரி காத்தும் மழையும். காலையில கதவைத் தள்ளுறேன், தொறக்கல. வீட்டுக்காரம்மாவோட முருங்கைமரம் பாதியா முறிஞ்சு எங்க வாசல்ல கெடக்கு.

"வழி கேட்டா, இருந்த வழியையும் அடைச்சுட்டியே பெருமாளே!"ன்னு கத்திட்டேன்.

ரூம்ல கூட இருக்கிற ராஜி ஜன்னல் வழியாக் கையை விட்டு ஒரு கொத்தை ஒடிச்சா. "ஏன்டி கத்துற? ரத்தம் இல்ல, ரத்தம் இல்லங்குற. இம்புட்டுக் கீரை வாசல்ல வந்து விழுந்து கெடக்கு."

எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு.

வீட்டுக்காரம்மா மரத்தை வெட்டிப் போட்டுட்டு, "எம்புட்டு வேணுமோ உருவிக்கங்க"ன்னாங்க. ராஜியோட ரைஸ் குக்கர்ல சோறு, முருங்கைக்கீரை, ஆளுக்கொரு முட்டை. மிச்சக் கீரையை நிழல்ல காய வச்சுப் பொடி பண்ணோம். அதுவரைக்கும் ராஜிகிட்ட நான் ஒழுங்காப் பேசுனதுகூட இல்ல. இப்ப காலையில அவ கம்மங்கூழ் கரைப்பா, நான் டப்பாவுல வறுத்த கடலை போட்டு வைப்பேன்.

அடுத்தவாட்டி ஆஸ்பத்திரியில ஒரு நர்ஸக்கா, "மாத்திரையை எதோட போடுற?"ன்னு கேட்டாங்க.

"டீயோடக்கா."

"நாசமாப் போச்சு! டீ குடிச்சா மாத்திரை எப்படிம்மா ஒடம்புல ஒட்டும்? எலுமிச்சை ஜூஸோட போடு."

ஊரே அறிவுரை சொல்லுச்சு. இதை மட்டும் ஒருத்தரும் சொல்லல! அந்த அக்காவையும் பெருமாள்தான் அனுப்பணும்னு இருந்திருக்கு.

மாசியில மறுபடி ரத்தம் பார்த்தாங்க. பதினொண்ணு. அம்மாகிட்டச் சொன்னேன். எத்தனைன்னு ரெண்டுவாட்டி கேட்டுக்கிச்சு. அப்பறம், "சரி, படி"ன்னுச்சு. கேட்டதும் அங்கேயே உக்காந்து அழுதேன்.

இப்ப சனிக்கிழமை தவறாமக் கோயிலுக்குப் போறேன். ஒடம்பு முடியாம, கையில காசில்லாம, யார் பேசுனாலும் எரிச்சலா இருக்கேன்னு நெனைக்கிறவங்க இதைப் படிச்சா, அந்த எரிச்சலோடயே அவர்கிட்டப் போங்க. நல்ல புள்ளையாப் போகணும்னு அவசியமே இல்ல. நான் போன லட்சணத்தைத்தான் சொல்லிட்டேனே. என்னையே அவர் கைவிடல.