நூலைக் கட்டிப் பாட வைத்தேன்

வேறு எங்கும் ஆகாது என்று கைவிடப்பட்ட சாமான்கள் கடைசியாக வந்து சேரும் இடத்துக்குத்தான் ரிப்பேர் கடை என்று பெயர். நீங்களும் இப்படி ஒரு கடை வைத்துப் பிழைக்கிறவர் என்றால், இனி நான் சொல்லப்போகும் பாடுகள் உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். ராஜபாளையத்தில் எங்கள் கடையில் என் கணவர் முருகேசன் மிக்ஸி, ஃபேன் பார்ப்பார். ரேடியோ, டேப், ரெக்கார்டு பிளேயர் எல்லாம் என் மேஜைக்கு. கல்யாணத்துக்கு முன்னால் நூல் மில்லில் வேலை பார்த்தவள் நான். சால்டரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தது அவர்தான். இப்போது சந்தேகம் வந்தால் அவர் என்னிடம் கேட்கிறார்.

அல்வாவாகிப் போன பெல்ட்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சங்கரன் சார், ஒரு ரெக்கார்டு பிளேயரையும் நாலைந்து இசைத்தட்டுகளையும் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். என்னைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி இல்லையா?" என்றார். "இது நான் பாக்குற வேலைதான் சார்" என்று வாங்கி, மேல்தட்டைத் தூக்கினேன். பரண் சூட்டில் ரப்பர் பெல்ட் உருகி, அல்வா மாதிரி விரலில் ஒட்டியது. இந்த மாடலுக்கு பெல்ட்டே வருவதில்லை என்று மதுரைக் கடையில் சொல்லிவிட்டார்களாம். ஆன்லைனில் வரவழைத்தது தொளதொளவென்று கிடந்ததாம்.

"எங்க வீட்டம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, இடுப்புல ஆபரேஷன் ஆகிக் கெடக்கா. பாட்டு டீச்சரா இருந்தவ. டிவியப் போடவான்னா வேண்டாங்குறா. போன்ல பாட்டு வச்சா அணைக்கச் சொல்றா. அவ சேத்து வச்ச இந்தத் தட்டுகதான் வேணுமாம்" என்றார். பேரைக் கெடுத்துக்கொள்ளாதே, திருப்பிக் கொடுத்துவிடு என்று என் கணவர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். நான் பார்க்காத மாதிரி, "வச்சுட்டுப் போங்க சார்" என்றேன். சங்கரன் சார் பெருமூச்சு விட்டார். "வேற வழியும் இல்லம்மா, நீயே பாரு."

கதவைத் தட்டுவது யார்?

மோட்டார் சுற்றுவதைத் தட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெல்ட்டின் வேலை. ராட்டையில் அதைக் கயிறு செய்கிறது. இங்கே நூல் செய்யாதா? பக்கத்து டெய்லரிடம் நூல் வாங்கி, வளையமாக முடிந்து மாட்டினேன். ரப்பர் மாதிரி நூல் இழுபடாது. அதனால் மோட்டாரின் திருகுகளைத் தளர்த்தி, நூல் விறைப்பாக நிற்கும்வரை தள்ளி வைத்து முடுக்கினேன். ஸ்விட்சைப் போட்டு, தட்டை விரலால் லேசாகத் தள்ளிவிட்டேன். சுற்றியதே!

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே ஒரு பாட்டை ஓடவிட்டு, சங்கரன் சாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கர் பக்கத்தில் பிடித்தேன். ஆனால் நான் போட்ட முடிச்சு மோட்டாரின் சின்னச் சக்கரமான புல்லியில் ஏறி இறங்கும்போதெல்லாம், பாட்டுக்கு நடுவே 'டக்' என்று ஒரு சத்தம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாட்டு நல்லாத்தாம்மா இருக்கு. யாரோ கதவத் தட்டுறாங்க பாரு, போய்த் தொறந்துட்டு வா."

ஆண்குரல்

முடிச்சு இல்லாமல் நூலைச் சேர்க்க வேண்டும். மில்லில் நாள் முழுக்க அந்த வேலையைத்தானே பார்த்தேன்! கூட வேலை பார்த்த செல்வி இன்னும் மில்லில்தான் இருக்கிறாள். சொல்லி அனுப்பினேன். "ஏட்டி, ரேடியோப் பொட்டிக்கு எதுக்கு நூலு? சட்டை தைக்கப் போறியா?" என்று கேலி செய்துகொண்டே நல்ல முறுக்கேறிய பருத்தி நூல் கொண்டுவந்தாள். இரண்டு நுனியையும் பிரித்து, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, பசையைத் தொட்டு முறுக்கினேன். விரல் மறக்கவில்லை. இணைப்பு எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

சத்தம் நின்றது. அப்போதுதான் தெரிந்தது, பாட்டு மதியச் சாப்பாடு சாப்பிட்டவர் நடக்கிற மாதிரி இழுக்கிறது என்று. பாடியது ஒரு பெண்மணி. மிக்ஸி ஜாரைக் கழுவிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "யாரு இவரு? நல்லாத்தான் பாடுதாரு!"

டீச்சர் வைத்த பரீட்சை

அன்று முழுக்க யோசித்ததில் பிடிபட்டது. ரப்பரைவிட நூல் மெல்லிசு. அதனால்தான் தட்டு மெதுவாகச் சுற்றுகிறது. புல்லியைக் கொஞ்சம் பருமனாக்கினால் சரியாகிவிடும். செல்லோ டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டிப் புல்லியில் சுற்றினேன். தட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, கடிகாரத்தைப் பார்த்து என் கணவர் சுற்றை எண்ணினார். குரல் பெண்குரலானது. பிளேயரை மடியில் வைத்துக்கொண்டு ரெண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம்.

சங்கரன் சாரின் மனைவி மீனாட்சி டீச்சர் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பாட்டு ஆரம்பித்ததும் தலைமாட்டிலிருந்த சுருதிப் பெட்டியை எடுத்து, பாடகியின் சுருதியான அஞ்சரைக் கட்டையில் வைத்தார். "சுருதி ஒரு நூல் ஏறி நிக்குதும்மா" என்றார். அங்கேயே மேல்தட்டைத் தூக்கி, டேப்பில் ஒரு சுற்றை உரித்தேன். மறுபடி ஊசியை வைத்தேன். பாட்டும் பெட்டியும் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. எது பாட்டு, எது பெட்டி என்று பிரிக்க முடியவில்லை.

டீச்சரின் விரல்கள் போர்வைமேல் தாளம் போட ஆரம்பித்தன. சங்கரன் சார் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். என் கணவர் என் தோளை அழுத்தினார்; ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். பாதிப் பாட்டில் டீச்சர் சொன்னார்: "ஏங்க, தலகாணிய நிமித்தி வச்சு என்னைய உக்கார வைங்க. படுத்துக்கிட்டுப் பாட வராது."

எந்தக் கம்பெனி?

அதற்குப் பிறகு டீச்சரிடம் படித்த பெண்கள் ஒவ்வொருவராகப் பழைய பிளேயரைத் தேடி வீட்டுப் பரணைக் குடைய ஆரம்பித்தார்கள். கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து, புத்தம்புது பிளேயரையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பெல்ட் நல்லாத்தானே இருக்கு தம்பி?" என்றேன். "இருக்கட்டும்க்கா, நூலு போடுங்க" என்றார்கள்.

போன மாதம் ஒரு போன். அந்த மாடலுக்கு பெல்ட்டே கிடையாது என்று சங்கரன் சாரை அனுப்பிவைத்த அதே மதுரைக் கடைக்காரர். குரலில் அவ்வளவு மரியாதை. "அக்கா, நீங்க போடுற பெல்ட் எந்தக் கம்பெனி? நமக்கும் ஒரு டஜன் அனுப்பி வைங்க!"

இனி பிளேயர்கள் நிறைய வரும் என்று என் கணவர் எல்லா அளவிலும் ரப்பர் பெல்ட் வாங்கி அடுக்கியிருக்கிறார்; பெல்ட்டுகள் அடுக்கியபடியே இருக்கின்றன, நூல்தான் அடிக்கடி தீர்ந்துபோகிறது.