அக்காவின் தோற்ற நிறை

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு நண்பரைப் பார்க்கப் போயிருந்தேன். கடற்கரைப் பக்கம் புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடி. அதன் லிஃப்ட் எப்போது புறப்பட்டது என்றே தெரியவில்லை; எண்கள் மாறுவதைக் கண்டுதான் மேலே போகிறோம் என்று நம்ப வேண்டியிருந்தது. யாரோ சற்று முன்புதான் தரையைத் துடைத்திருக்க வேண்டும், பினைல் வாசம். அது மூக்கில் ஏறியதுதான் தாமதம், நண்பரின் மாடியில் கதவு திறந்ததையும் மூடியதையும் நான் கவனிக்கவில்லை. திரும்பக் கீழே வந்து, மறுபடி ஏறிப் போனேன்.

பினைல் வாசம் என்றால் எனக்கு அந்த மெடிக்கல் சென்டர்தான். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காலி வீதியில் ஒரு நகைக்கடைக்கு மேலே நாலாம் மாடியில் இருந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களை ஏஜென்சிக்காரர்கள் அங்கேதான் சோதனைக்கு அனுப்புவார்கள். இரத்தம், எக்ஸ்ரே, கடைசியில் நிறை. நாற்பத்தைந்து கிலோ இல்லாவிட்டால் குவைத் இல்லை என்று எங்கள் ஏஜென்சிக்காரர் சொல்லியிருந்தார். அக்கா நாற்பத்து மூன்றரை. அடுத்த வாரம் வா, அதற்குமேல் காத்திருக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்போது நாங்கள் கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறையில் இருந்தோம். அப்பா ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, ஒருகொடவத்தை கன்டெய்னர் யார்டில் சுமை இறக்கியவர். முதுகு விட்டுப்போய்ப் படுத்துவிட்டார். நான் உயர்தர வகுப்பில் இருந்தேன். எங்கள் பரம்பரையிலேயே அவ்வளவு தூரம் படித்தவன் நான்தான் என்பதால், வீட்டில் நான் எதைச் சொன்னாலும் ரேடியோச் செய்தி கேட்பதுபோல் கேட்பார்கள். அந்தக் காலத்தில் எனக்கிருந்த தலைக்கனத்தை எந்தத் தராசும் தாங்கியிருக்காது. நான் படிப்பை விட்டுவிட்டு யார்டுக்குப் போவதா, அக்கா குவைத்துக்குப் போவதா என்பதுதான் கேள்வி. நான் போகிறேன் என்றேன். அஞ்சாம் வகுப்போடு நின்ற அக்கா, என் சட்டையை வாங்கி அயர்ன் பண்ணிக்கொண்டே, "வாய மூடிக்கிட்டு டியூசனுக்குப் போடா" என்றாள்.

அந்த ஒரு வாரமும் அறை முழுக்க வாழைப்பழ வாசம். அக்கா பழத்தைத் தின்பாள், பழஞ்சோற்றைத் தின்பாள், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவாள். "என்னா அக்கா, ஆட்டுக்குட்டிய வேள்விக்குக் கொழுக்க வைக்கிற மாதிரி" என்றேன் ஒருநாள். பழத்தோலை என் மேல் எறிந்தாள்.

அந்த வாரம் பார்த்து டியூசனில் உயர்த்தி பற்றிய கணக்கு. லிஃப்டுக்குப் பாடப்புத்தகத்தில் அதுதான் பெயர். மேல்நோக்கி ஆர்முடுகும், அதாவது வேகம் கூடிக்கொண்டே போகும், உயர்த்தியில் நிற்பவரின் தோற்ற நிறை என்ன? எங்கள் வகுப்பில் பாதிப்பேர் உயர்த்தியில் கால் வைத்ததே இல்லை. நான் அக்காவோடு ஒருமுறை போய் வந்த பெருமையில் கையை உயர்த்தி உயர்த்திப் பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்து அக்காவுக்கும் பாடம் எடுத்தேன். லிஃப்ட் மேலே போகப் புறப்படும்போது தரை நம் காலை அழுத்தமாகத் தள்ளும், அதனால் தராசு கூடக் காட்டும். ஒரே வேகத்தில் ஓடும்போது உள்ள நிறையைத்தான் காட்டும். நிற்கப் போகும்போது குறைத்துக் காட்டும்.

"அப்ப உள்ள நிக்கிற ஆளு கனமாயிருவாங்களாடா?"

"கனமாக மாட்டாங்க. கனமான மாதிரி இருக்கும்."

"மெசினு என்னா காட்டும்?"

"கூடத்தான் காட்டும்."

"பொறகு என்னாடா மாதிரி? மெசினு காட்டுனா அதுதான் கனம்."

பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் படித்த பிறகும், அக்கா கேட்டது அவ்வளவு மடத்தனமான கேள்வி அல்ல என்பது மட்டும்தான் தெரியும்.

இரண்டாவது தடவை போன அன்று, பஸ் ஏறுமுன் இரண்டு செவ்விளநீரைக் குடிக்க வைத்தேன். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். வரிசை நகரவே இல்லை. அக்கா ஒரு காலில் மாறி மறுகாலில் நின்றாள்.

"அக்கா, பக்கத்துக் கடையில பாத்ரூம் இருக்கான்னு கேட்டுப் பாக்கவா?"

"சும்மா இரு. இங்க விட்டா அரைக் கிலோ போயிரும்."

"கொஹெத யன்னே?" என்று எங்கே போகிறோம் என விசாரித்த பொலிஸ்காரனிடம், "மெடிக்கல், சேர்" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதை அவன் என்ன நோயென்று நினைத்தானோ, உடனே போக விட்டான்.

அங்கே நிறை பார்க்கும் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரி. கண்ணாடி போட்ட, அதட்டிப் பேசுகிற நர்ஸ். அன்றைக்குத் தராசு கீழே, நகைக்கடைக்குப் பின்னாலிருந்த எக்ஸ்ரே அறையில் இருந்தது. மிஸ் அதை எடுத்துக்கொண்டு எங்களோடு லிஃப்டில் ஏறினா. இரும்புக் கம்பிக் கதவைக் கையால் இழுத்து மூடும் பழைய லிஃப்ட். கையில் கோப்புகளும் இருந்ததால் தராசைத் தரையில் வைத்தா. அவ பொத்தானை அழுத்தத் திரும்பியதும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தராசின் மேல் ஏறி நின்றுவிட்டாள்.

லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. ஊசி நாற்பத்தைந்தைத் தாண்டி நாற்பத்தேழுக்குப் போனது.

"மிஸ், மிஸ்! பாருங்க!"

மிஸ் குனிந்து பார்த்தா. அடுத்த கணமே ஊசி இறங்கிவிட்டது. நாற்பத்து நாலுக்குச் சற்று மேலே, செவ்விளநீரெல்லாம் சேர்த்து, அசையாமல் நின்றது. நாலாம் மாடியை நெருங்கியதும் நாற்பதுக்கு விழுந்து திரும்ப ஏறியது. கதவைத் திறக்காமல் மிஸ் எங்கள் இருவரையும் பார்த்தா.

"இதென்ன கூத்து? நான் எந்தக் கணக்கை எழுதுறது?"

அக்கா என் காலை மிதித்தாள். ஆனால் கேட்டது பௌதிகக் கேள்வி அல்லவா? வாய் தானாகத் திறந்துவிட்டது. அவள் போகாமல் இருந்தால் நல்லது என்ற ஆசையும் அதற்குள் இருந்திருக்கும். "மிஸ், புறப்படக்கொள்ள ஆர்முடுகல் இருக்கிறதால மறுதாக்கம் கூடும். அது தோற்ற நிறைதான். நடுவில காட்டினதுதான் சரி" என்று பரீட்சையில் எழுதுவதுபோல் ஒப்பித்தேன்.

மிஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா.

"பிள்ளை, உமக்குப் போகத்தான் வேணுமோ?"

"போகணும் மிஸ். இவன் படிக்கணும்."

மிஸ் கோப்பைச் சுவரில் வைத்து எழுதினா. பிறகு என்னிடம், "தம்பி, உம்மட பாடம் சரி. ஆனா நான் முதல்ல கண்டதை எழுதிப்போட்டன்" என்றா. அக்கா தராசிலிருந்து இறங்காமலே அழுதாள். "இனி இறங்கும் பிள்ளை, ஓடிப்போய்ப் பாத்ரூமுக்குப் போட்டு வாரும்" என்று மிஸ் அதட்டினா. இல்லாத அந்த இரண்டரைக் கிலோவில்தான் அக்கா குவைத்துக்குப் போனாள்.

வழியனுப்புகிறவர்களை விமான நிலையத்துக்குள் விடாத நாட்கள் அவை. ஏஜென்சி வேனில் ஏறி, ஜன்னலுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "டேய், சாப்பிட்டுட்டுப் படி, வெறும் வயித்தோட ஒக்காராத" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

யுத்தம் முடிந்த பிறகுதான் நிரந்தரமாகத் திரும்பி வந்தாள். அந்தச் சாவடிகள் இப்போது இல்லை; அவற்றுக்காக யாரும் அழப்போவதில்லை. மெடிக்கல் சென்டர் இருந்த கட்டடத்தின் நாலு மாடியும் துணிக்கடையாகிவிட்டது. லிஃப்ட் இருந்த இடத்தை அடைத்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள். மிஸ் கனடாவில் என்கிறார்கள், லண்டனில் என்றும் சொல்கிறார்கள். அக்கா என்னோடுதான் இருக்கிறாள், நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். வந்த அன்று இரவு நான் வேலையிலிருந்து வந்ததும், "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்றாள். எனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

"என்னா அக்கா இது? டேய்னே கூப்பிடேன்" என்று ஒருமுறை கெஞ்சியே கேட்டுவிட்டேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அது நல்லா இருக்குமாங்க? நீங்க இப்ப இஞ்சினியரு" என்றாள், என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்துக்கொண்டே.