குப்பைப் பெட்டிக்குள் ஒரு கப்பல்

உலகத்தில் இதுவரை பிறந்தவர்கள், இனிப் பிறக்கப் போகிறவர்கள், பிறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாலும், விளம்பர மெயிலை அழிப்பதில் இந்த லிஃப்ட் மெக்கானிக்கை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நிமிடத்துக்கு நாற்பது. இடது கையில் ஸ்பேனர் இருக்கும்போதே வலது கட்டைவிரல் நாற்பதைத் தீர்த்துக்கட்டிவிடும். அந்தக் கட்டைவிரலை ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்கள்.

இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிகளின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறுகிறவர் அவர். வீட்டுக்கு இன்டர்நெட் இணைப்பு வாங்கியபோது கூடவே ஒரு மெயில் முகவரியை இனாமாகக் கொடுத்தார்கள். இனாம் என்று சொன்னவனின் முகத்தை அவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். பெட்டியைத் திறந்தால் முதல் வரியிலேயே மெயில் மாதிரி வேஷம் போட்ட விளம்பரம். வலது பக்கம் ஒரு பெண் முடி உதிர்வதைப் பற்றி ஓயாமல் வருத்தப்படுவாள். ஒன்றை அழித்தால், அழித்ததற்கு நன்றி சொல்லி இன்னொரு விளம்பரம் வரும். போதாததற்கு இந்த வருடம் குதிரைச் சேணம், குழந்தைகளுக்கான பால்பவுடர், இடுப்பு நடன வகுப்பு என்று வேறு வர ஆரம்பித்தது. குதிரைக்காரர்களுக்குத் தன் முகவரி எப்படிப் போனது என்று அவருக்குத் தெரியாது. இதை எழுதுகிறவளுக்குத் தெரியும். அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கம்பெனிக்குப் போன் போட்டார். முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண் பேசினாள்.

“நான் உங்களுக்கு எப்படி உதவலாம் சார்?”

“உதவவே வேண்டாம்மா. உபத்திரவம் பண்ணாம இருந்தாப் போதும்.”

“விளம்பரம் இல்லாத தங்கத் திட்டம்னு ஒண்ணு இருக்கு சார்...”

“என் வீட்டுக்குள்ள குப்பையைக் கொட்டுவீங்க, அதை அள்ளணும்னா தனி ரேட்டா?”

“வேண்டாத மெயிலை நீங்களே தடுத்து வெச்சுக்கலாம் சார். பேருக்குப் பக்கத்துல மூணு புள்ளி இருக்கும். அதை அழுத்தித் தடுத்துட்டீங்கன்னா, அது நேரா குப்பைப் பெட்டிக்குப் போயிடும். முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும்.”

போனை வைத்ததும், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு அதே கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. முதல் தடுப்பு அதற்குத்தான். கை சூடு பிடித்துக்கொண்டது. சேணம் போச்சு, பால்பவுடர் போச்சு. ஏழு இரவு சொகுசுக் கப்பல் சுற்றுலா என்று ஒன்று, அதுவும் போச்சு. அதற்கு அடுத்து ஏதோ கம்பெனி பெயர், ஒரு எண், பக்கத்தில் குட்டியாக ஒரு நங்கூரப் படம்.

“இன்னொரு கப்பலா? நீயும் போ” என்றது கட்டைவிரல்.

அது சுற்றுலாக் கப்பல் இல்லை. அவருடைய மூத்த மகள் அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு சரக்குக் கப்பலில் என்ஜின் அறை வேலைக்குப் போயிருந்தாள். நடுக்கடலில் போன் எடுக்காது. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த இரண்டே இரண்டு முகவரிகளுக்குத்தான் மெயில் அனுப்பலாம். அதுவும் அவள் பெயரில் போகாது, கப்பல் கம்பெனி பெயரில்தான் போகும். ஒரு முகவரி அப்பாவுடையது. இன்னொன்று சித்தப்பாவுடையது.

சித்தப்பா என்றால் மெக்கானிக்கின் தம்பி. இரண்டு தெரு தள்ளி மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய மெயில் வேறு கம்பெனி. பெருக்கித் துடைத்த வீடு மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, “நம்ம பொண்ணு எழுதியிருக்கா அண்ணே” என்று ஆரம்பிப்பார்.

அந்த ‘நம்ம’ மெக்கானிக்கின் அடிவயிற்றில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெற்றது நான், பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது நான், கடிதம் இவனுக்கா? கப்பல் கரை தொடும்போது மகள் நாலு நிமிடம் போன் பண்ணுவாள். அதுவும் அவர் ஏதாவது லிஃப்ட் குழிக்குள் இருக்கும் நேரமாகத்தான் அமையும். சலவைக் கடையில் வேலை செய்யும் அம்மாவுக்கு, சாப்பிட்டியா, இளைச்சிட்டியா என்று கேட்பதிலேயே அந்த நாலு நிமிடமும் தீர்ந்துபோகும். உனக்கு எந்தப் பெயரில் மெயில் வருகிறது என்று தம்பியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் கேட்டால், தனக்கு ஒன்றும் வரவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. அதற்கு லிஃப்ட் குழிக்குள் தலைகீழாகத் தொங்கலாம்.

ஆறு மாதம் இப்படியே ஓடியது. அவர் வீட்டில் பேசுவது குறைந்தது. மெயில் அழிக்கும் வேகம் கூடியது. தடுத்தும் தீராமல் வந்துகொண்டிருந்த ஒவ்வொரு விளம்பரத்தையும், அதுதான் மகளின் கடிதத்தை வழிமறித்துத் தின்றுவிட்டது போல நசுக்கினார். வீட்டின் சின்னவள், அதாவது இதை எழுதுகிறவள், அக்கா போனதில் தனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அறை முழுக்கத் தனக்கே கிடைத்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தார். தேநீரை உறிஞ்சிவிட்டு வாசித்தார்.

“‘இங்க என்ஜின் அறைக்கு இறங்க ஒரு சின்ன லிஃப்ட் இருக்கு சித்தப்பா. போன வாரம் நடுவுல நின்னுபோச்சு. யாருக்கும் ஒண்ணும் புரியல. நான்தான் சரி பண்ணினேன்.’ எப்படிண்ணே? புலிக்குட்டி!”

மெக்கானிக்குக் காது இரண்டும் சுட்டது. லிஃப்ட் விஷயம்! லிஃப்ட் விஷயத்தைப் போய்க் கண்ணாடிக் கடைக்காரனுக்கு எழுதியிருக்கிறாள்!

“எதுல கோளாறாம்?” என்றார், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே.

“என்னமோ கதவு, பூட்டு, தொடர்புன்னு நாலு வரி இருந்துது. எனக்கு விளங்கல. தாண்டிட்டேன்.”

“தாண்டிட்டியா?”

“முழுக்கதையும் உனக்குத்தான் எழுதியிருக்காளாமே. எனக்கு எப்பவும் இப்படித்தான் கால் பக்கம் எழுதிட்டு, மீதியை அப்பாகிட்ட கேட்டுக்கோங்கன்னு முடிச்சிடறா. சொன்னாத் தப்பா எடுத்துக்காதே, எனக்கு வயிறெரிச்சலாத்தான் இருக்கு.”

மெக்கானிக் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். வயிறெரிச்சல் இவனுக்கா?

“அதுலயும் நீ போடற பதில் இருக்கே! ‘அப்பாவுக்கு இப்படியெல்லாம் எழுத வரும்னு இத்தனை வருஷம் தெரியாம போச்சு, மூணு கடிதத்தையும் கட்டிலுக்கு மேல ஒட்டி வெச்சிருக்கேன்’னு எழுதியிருக்கா. எங்கண்ணே ஒளிச்சு வெச்சிருந்தே இந்தத் திறமையெல்லாம்?”

மூன்று கடிதம். அவர் ஒன்றுகூட எழுதவில்லை. எழுதவில்லை என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது?

“அதெல்லாம் சும்மா... நேரம் கிடைச்சா எழுதறதுதான்” என்றார்.

“சரி, அந்த முக்கியமான கேள்விக்கு ஏன் இன்னும் பதில் போடல? ஒப்பந்தம் முடியுதாம். இன்னும் ஒன்பது மாசத்துக்குக் கையெழுத்துப் போடறதா, இறங்கி வீட்டுக்கு வர்றதான்னு உன்னைக் கேட்டாளாம். பத்து நாளாச்சாம். புதன்கிழமைக்குள்ள அவ சொல்லியாகணும். பதில் வரலைன்னா, அப்பாவுக்கு நான் வர்றதுல இஷ்டமில்லைன்னு எடுத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுடுவேங்கறா.”

“யோசிச்சிட்டிருக்கேன்” என்றார் மெக்கானிக்.

தம்பி படியிறங்கியதும், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், அவர் மெயில் எப்போதும் திறந்தே கிடக்கும் வீட்டுப் பொதுவான பழைய கணினியின் முன் போய் உட்கார்ந்தார். லிஃப்ட் நின்றுபோனால் மோட்டாரை உடனே பிரிக்கக் கூடாது என்பது அவர் தொழில். கீழ்த்தளத்துக் கதவில் தொடங்கி, ஒவ்வொரு மாடியாக, ஒவ்வொரு பூட்டாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். எங்கேயோ ஓரிடத்தில் விட்டுப்போயிருக்கும். அன்றைக்கு முதல்முறையாகக் கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டு மெயில் பெட்டியை அப்படித் தொட்டுப் பார்த்தார்.

குப்பைப் பெட்டியில் சேணத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவில் நங்கூரம் கிடந்தது. திறந்தார். ‘அப்பா’ என்று ஆரம்பித்திருந்தது. கப்பலைத் தடுத்தது யார் என்று விளங்கியதும், கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். முப்பது நாளுக்குள் வந்த இரண்டு மட்டும்தான் அங்கே இருந்தன. அந்தக் கேள்விக் கடிதம் அழித்தவற்றின் பட்டியலில் இருந்தது. தடுத்த மெயில் தானாக வெளியே வராது. யாரோ அதைக் குப்பையிலிருந்து தூக்கி வந்து, அவர் கண்ணில் படட்டும் என்று மெயில் பெட்டியின் முதல் வரியில் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவரே, நிமிடத்துக்கு நாற்பது கணக்கில், அதையும் சேர்த்து அழித்திருக்கிறார்.

பிறகு, அனுப்பியவை இருக்கும் இடம். அதை அவர் திறந்ததே இல்லை. மூன்று கடிதங்கள். மூன்றின் அடியிலும் ‘அப்பா’.

‘நீ கப்பலுக்குக் கிளம்பிப் போன அந்த வாரம் ஒரு கட்டடத்தில் என் டிபன் பையை லிஃப்டுக்குள்ளேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அது நாள் முழுக்க மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது’ என்றது முதல் கடிதம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் படித்தபோது, நடந்திருக்க வேண்டியதுதான் என்று பட்டது. இரண்டாவதில் அந்த அப்பா மகளைச் சிரிக்க வைத்தான். மூன்றாவதில், ‘இரட்டை அடுக்கில் உன் மேல் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. நீ மடித்த போர்வை மடித்தபடியே இருக்கிறது. அறைக்குள் நுழைந்ததும் தலை தானாக மேலே போகிறது’ என்று எழுதியிருந்தான்.

தம்பியின் மேல் ஆறு மாதமாக வந்த எரிச்சலெல்லாம் இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. யார் இவன், என் மகளுக்கு அப்பா? கூச்சமில்லாமல் பேசுகிறான், தடுமாறாமல் கொஞ்சுகிறான். அவள் இவன் எழுத்தை அல்லவா கட்டிலுக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறாள். தன் பெயரில் இருக்கும் இன்னொருவனைப் பார்த்து மெக்கானிக் பொறாமையில் வெந்துபோனார்.

மூன்று கடிதங்களிலும் கடைசிப் பத்தி மட்டும் ஒரே ஜாடையில் இருந்தது. ‘சின்னவள் ரொம்பவே மாறிவிட்டாள். வீட்டு வேலை முழுவதும் அவள்தான். இப்படி ஒரு பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அவளுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் வாங்கி வந்தால் தப்பில்லை.’

மெக்கானிக் நாற்காலியில் சாய்ந்து, மூடியிருந்த அறைக் கதவை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே சின்னவள் வாழ்க்கையில் இல்லாத அக்கறையோடு சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

அவர் கூப்பிடவில்லை. ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் டொக், டொக் என்று கேட்டது. நடுவில் அம்மா வந்து, “என்னங்க, அதுல ஆணியா அடிக்கறீங்க?” என்றுகூடக் கேட்டுப் பார்த்தாள். டொக், டொக் நிற்கவில்லை. சாயங்காலம் ஐந்தாவது தெருவில் இரண்டு பேர் லிஃப்டில் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. சாமான் பையைத் தூக்கிக்கொண்டு, கணினியை அணைக்காமலே போய்விட்டார்.

செருப்புச் சத்தம் தேய்ந்ததும் சின்னவள் வெளியே வந்தாள். அனுப்பியவற்றில் நாலாவதாக ஒன்று இருந்தது.

‘அம்மாடி, இது நான். நிஜமாவே நான்தான்.

உன் கப்பலை விளம்பரம்னு நினைச்சு நானே தடுத்து வெச்சுட்டேன். நீ முதல்ல எழுதினதெல்லாம் அழிஞ்சு போச்சு. முடிஞ்சா அதையெல்லாம் மறுபடி எழுது. எவ்வளவு நீளமா இருந்தாலும் படிப்பேன்.

கதவுப் பூட்டுத் தொடர்பைத் துடைச்சு ஓட விட்டது சரி. ஆனா அது ஏன் கறுத்துதுன்னு பார்த்தியா? பார்க்கலைன்னா திரும்ப நிக்கும். இனிமே லிஃப்ட் விஷயத்தைச் சித்தப்பாவுக்கு எழுதாதே. அவன் தாண்டிடறான்.

வேலை பிடிச்சிருந்தா கையெழுத்துப் போடு. நான் என்ன நினைப்பேன்னு பார்த்துப் போட வேண்டாம். கேட்டியேன்னு சொல்றேன், எனக்கு உன்னைப் பார்க்கணும். அவ்வளவுதான் எனக்கு எழுத வருது.

முன்னாடி வந்த மூணும் நான் எழுதினது இல்ல. ஆனா அதுல இருக்கற நினைப்பு எல்லாம் உண்மைதான், கடைசிப் பத்தி தவிர. அது முழுப் பொய். ஸ்பீக்கர் வாங்காதே.

மேல் கட்டிலும் போர்வையும் மட்டும் எனக்குத் தெரியாத விஷயம். நான் உங்க அறைக்குள்ள போறதே இல்ல. தினமும் தலையைத் தூக்கிப் பார்க்கறவ ஒருத்தி இருக்கா. கேட்டா, அக்கா போனதுல வருத்தமே இல்லைம்பா.

சின்னவளே, படிச்சு முடிச்சாச்சா? மூக்கை உறிஞ்சினது போதும். நான் வர்றதுக்குள்ள அக்காவுக்கு நீயும் ஒண்ணு எழுது. இந்தத் தடவை உன் பேர்லயே.’