போயிட்டு வாம்மா

எங்கள் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் நீலத் துணித் தொப்பி ஒன்று இன்னும் ஆணியில் தொங்குகிறது. இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில், சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் அக்காவுக்குக் கொடுத்தது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

அக்காவுக்கு ஆட்டிசம். பள்ளிக்கூடம் முடிந்ததும் அவளுக்குப் புதுச்சேரியில் வேறு போக்கிடம் இல்லாமல் போனது. அப்பா சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுக் கை நிறையப் பென்ஷன் வாங்குபவர். அவருடைய நண்பரை நாங்கள் மாமா என்போம், கம்பெனி மேனேஜர். "எம் பொண்ணு மாதிரி பாத்துக்கறேன்" என்று அவரே வலிய வந்து அக்காவை பேக்கிங் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். பஸ் ஏறி இறங்க நான் பழக்கினேன். சில மாதங்களில் தனியாகவே போய்வந்தாள். சாயங்காலம் வாசலிலேயே, "இன்னிக்கு ரோஜா!" என்று உள்ளங்கையை என் மூக்கில் இடிப்பாள். அவ்வளவு பெருமை அவளுக்கு.

மாமாவுக்கும் பெருமைதான். இந்தப் புண்ணியத்துக்காக மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையின் மடிப்புகூடக் கலையவில்லை, அதற்குள் வெளியூரிலிருந்து பெரிய வியாபாரிகள் கம்பெனியைப் பார்க்க வந்தார்கள். சைரன் அடித்ததும் அக்கா காதைப் பொத்திக்கொண்டு அலறிவிட்டாள். சைரனுக்கு முன்பு அவளை வெளியே அனுப்பிவிடுவதாக வாக்குக் கொடுத்தவரே மாமாதான்.

அன்று மாலை அவளைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, "போயிட்டு வாம்மா" என்றார். வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட நம்மவர்களுக்கு வெறும் 'போ' வாயில் வராது. அக்காவுக்கோ சொன்னால் சொன்னதுதான். மறுநாள் தொப்பியோடு கிளம்பிவிட்டாள்.

கம்பெனியிலிருந்து போன் வந்து நான் ஓடினேன். கேட் பூட்டியிருந்தது. "வேல இல்லனு சொல்லிட்டாங்கம்மா, கூட்டிக்கினு போ" என்றார் வாட்ச்மேன். அக்கா கம்பியை விடவில்லை. "மாமா வரச் சொன்னாரு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மாடி ஜன்னலில் மாமா நின்றிருந்தார். நான் கையை ஆட்டினேன். எங்களைப் பார்த்தார், திரையை இழுத்து மூடினார். அப்பா போனில் கேட்டதற்கு, "சொல்தா வூட்டுப் பொண்ணுக்கு வேல எதுக்குண்ணே?" என்றாராம். படுபாவி.

இப்போதும் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டால், "அக்கா நல்லாருக்காளா?" என்று சிரிக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

அக்காவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. காலையில் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "போயிட்டு வரேங்க்கா" என்பேன். அவள் தொப்பி தொங்கும் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்:

"நெஜமா வருவியா? சும்மா சொல்றியா?"