சறுக்குமரத்தின் ஐந்தாம் படி

மழை விட்டதும் வீட்டை ஒட்டிய பூங்காவிலிருந்து பழைய தோல் நாற்றம் எழுந்தது. "அமைதியான ஏரியா" என்று என் கணவர் பிடிவாதமாக வாங்கிய வீடு இது.

என் எட்டு வயதில் இந்தப் பூங்கா தோல் தொழிற்சாலையின் கழிவுக்குட்டை. மேலே காய்ந்து தரை போலவே கிடக்கும். அங்கே வேலை செய்த அப்பா கல்லை எறிந்துவிட்டுத்தான் காலை வைப்பார்.

"சத்தம் வரலன்னா வெக்காதம்மா."

ஒருநாள் எங்கள் ஆடு அதில் நடந்தது. கத்தக்கூட நேரமில்லை. தரை மறுபடி மூடிக்கொண்டது.

அதன்மேல் மண்ணைக் கொட்டி, புல் நட்டு, சறுக்குமரம் வைத்திருக்கிறார்கள், பாவிகள்.

"அம்மா, அஞ்சு படி இருந்திச்சில்ல? இப்ப நாலுதான் இருக்குது!" சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து மகள் சிரித்தாள்.

அதன் அடியில் ஒரு கல்லை எறிந்தேன்.

சத்தம் வரவில்லை.